வேனுக்கு விமோசனம்

முக்திக்கு வழி கேட்டுத்தான் சீடர்கள் குருவிடம் வருவார்கள். ஆவுடையப்பன் ஒரு வேனுக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தார்.

அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றபின் மலைக்கு வந்து சேர்ந்தவர் அவர். குருவைவிட வயதில் மூத்தவர். காதில் மந்திரம் வாங்கிய கையோடு மடத்து வேனின் சாவியையும் வாங்கிக்கொண்டார். இரண்டில் எது அவருக்குப் பெரிதாக இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அது பழைய ஜப்பான் வேன். நான்கு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. கிழக்குச் சரிவில் மடத்துக்குக் கீழே ஒரு களிமண் ஏற்றம் இருக்கிறது. மழை பிடித்துவிட்டால் மற்ற வண்டிகள் எல்லாம் அங்கே வழுக்கி நின்றுவிடும். இந்த வேன் மட்டும் முனகிக்கொண்டே ஏறும், முனகிக்கொண்டே இறங்கும். மேலே இருக்கிற குடியிருப்புகளுக்கு ஆத்திர அவசரத்துக்கு வேறு துணை கிடையாது. புது வண்டி வாங்க மடத்துக்கு வக்கும் கிடையாது.

போன வருஷம் அதன் டிரான்ஸ்ஃபர் பெட்டி உடைந்தது. இன்ஜினின் இழுவையை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. திறந்து பார்த்தால் உள்ளே பற்களெல்லாம் பொடிந்து கிடந்தன.

ஐப்பசி மழையில் மேல்குடியிருப்புச் செல்லக்கிளிக்குப் பிரசவ வலி எடுத்தது. கட்டிலில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கட்டிலின் ஒரு காலை ஆவுடையப்பன் தோளில் தாங்கினார். சேறு முழங்கால்வரை இழுத்தது. தாய் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. அன்றைக்கு ஆவுடையப்பன் ஆண்பிள்ளை என்றும் பாராமல் எல்லோர் முன்னாலும் அழுதார். அடுத்த மழைக்குள் வேனை ஓட வைக்கிறேன் என்று குருவிடம் சொன்னார். குரு திருநீறு எடுத்துப் பூசிவிட்டார்.

"நீரு தேடும். கிடைக்கும்" என்றார்.

அன்று பிடித்தது அலைச்சல். அந்த மாடலை நிறுத்தியே பல காலம் ஆகிவிட்டது என்று டீலர்கள் கையை விரித்தார்கள். கோவைக்குப் போனார். சென்னைக்குப் போனார். புதுப்பேட்டையில் கிடைக்காத சாமானே இல்லை என்பார்கள். அந்தப் பெருமையை இந்த வேன் கெடுத்தது. திருச்சியில் ஒருவர் அச்சு அசலாக அதே பெட்டி என்று ஒன்றைத் தலையில் கட்டினார். அதைச் சாக்கில் சுற்றி, தான் ஓட்டிய அதே வழித்தட பஸ்ஸில் லக்கேஜ் டிக்கெட் எடுத்துக் கொண்டுவந்தார். மாட்டிப் பார்த்தால் போல்ட் துளைகள் விரற்கடை தள்ளியிருந்தன. திரும்பக் கொண்டுபோனபோது கடைக்காரர் ஆளே மாறியிருந்தார்.

ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு மலையேறி வருவார். குரு சாப்பாடு போடச் சொல்வார். போன இடத்தைப் பற்றிக் கேட்கமாட்டார்.

"சாமி, பரம்பொருள் தேடினாக் கிடைக்காதும்பாங்க. அதுக்கு அடுத்தபடி இந்தப் பெட்டிதான் போலிருக்கு" என்றார் ஆவுடையப்பன் ஒருநாள். இடுப்பு விட்டுப்போயிருந்தது. சிரிக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

குரு சிரித்தார். இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.

புரட்டாசி முடிகிற சமயம் மதுரைக்குப் போனார். பழைய சாமான் கடை கமருதீன் பாய்க்கு அவரைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது. டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார். பெட்டி வந்திருக்கிறதா என்று கேட்கக்கூட ஆவுடையப்பனுக்கு வாய் வரவில்லை. பாயே பேச்சை எடுத்தார்.

"இந்த வண்டிக்கு ரெண்டே பேருதான் என்கிட்ட நடையா நடக்குறீங்க. நீங்க டிரான்ஸ்ஃபர் பெட்டி கேக்குறீங்க. உங்கள மாதிரியே காவி கட்டுன இன்னொருத்தர் கியர் பாக்ஸ் கேக்குறாரு. அவரு வண்டியில டிரான்ஸ்ஃபர் பெட்டி நல்லா இருக்காம்."

"அவரு எந்த ஊரு பாய்?"

"நீங்க ஒரே இடம்னுல்ல நெனச்சேன். அதே மலைதான், மேற்குச் சரிவு."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்கள். ஆவுடையப்பனுக்கு அதை நினைத்துச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தவர் மலையடிவாரம்வரை கண்ணைத் திறக்கவில்லை. மேற்குச் சரிவிலும் ஒரு மடம் இருப்பது அவருக்குத் தெரியும். இங்கிருந்து யாரும் அங்கே போவதில்லை, அங்கிருந்து யாரும் வருவதில்லை. ஏதோ பழைய மனத்தாங்கல், நமக்கென்ன என்று விட்டுவிட்டிருந்தார்.

குரு முற்றத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் எதிரே உட்கார்ந்து பாய் சொன்னதைச் சொன்னார். குருவின் கை நின்றது.

மொச்சைத் தட்டை ஒதுக்கிவைத்தார். மேற்கு மடத்து உமாபதி சாமியும் தானும் ஒரே குருவின் சீடர்கள் என்றார். அந்தப் பெரியவர் கண்ணை மூடியதும் பீடத்துக்குப் போட்டி வந்தது. பசு, பாத்திரம், பலாமரம் எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். வெளிநாட்டு டாக்டர் ஒருவர் மலைக்குக் கொடுத்த ஒரே மாதிரி வேன்கள் இரண்டு இருந்தன. ஆளுக்கு ஒன்று என்று ஆயிற்று. அதோடு முகம் பார்ப்பது நின்றுபோனது.

"நம்ம வண்டியில கியர் பாக்ஸ் எப்படி இருக்கு?" என்று கேட்டார் குரு.

"கல்லு மாதிரி இருக்கு."

குரு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "சாவிய எடும்."

"வண்டிதான் ஓடாதே சாமி."

"அவன்கிட்ட கொடுக்கதுக்கு."

ஆவுடையப்பன் மடியிலிருந்த சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பெட்டியை மட்டும் கேட்டு வாங்கினால் போதுமே என்றார். உமாபதியும் கியர் பாக்ஸை மட்டும்தானே கேட்பான் என்றார் குரு. வண்டியையே கொடுத்துவிட்டால் இரண்டில் ஒன்றுதான் ஓடும், அது அங்கேயல்லவா இருக்கும் என்றார் ஆவுடையப்பன்.

"ஓடுற வண்டியக் கூப்பிட்டா வரும்" என்றார் குரு. "நிக்கிற வண்டி நம்ம வாசல்ல நின்னு என்ன செய்யுது?"

உச்சிப் பாதையில் நடந்தார்கள். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. குருவுக்கு முட்டி வலி. பத்தடிக்கு ஒருதரம் நின்றார். சாவி ஆவுடையப்பனின் மடியில் இருந்தது. கட்டிலைத் தூக்கிய தோளில் இன்னும் வலி இருக்கிற மாதிரி அவருக்குத் தோன்றியது. கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தார். கேட்காமல் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியவில்லை.

"சாமி, அங்க இப்படி ஒரு வண்டி கிடக்கது உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்."

"செல்லக்கிளியத் தூக்கிட்டு எறங்கும்போதும் தெரியுமா?"

"தெரியும்."

ஆவுடையப்பன் பாதையிலேயே நின்றுவிட்டார். அவருக்குக் கோபம் வந்தது. இத்தனை மாதத்தில் முதல்தடவையாக வந்த கோபம். ஆனால் குரல் தளர்ந்துபோய்த்தான் வெளியே வந்தது.

"அப்புறம் எதுக்குச் சாமி என்னைய ஊர் ஊரா அலைய விட்டீங்க?"

குரு ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். சரிவுக்கு அந்தப் பக்கம் மேற்கு மடத்தின் ஓட்டுக்கூரை தெரிந்தது.

"நீரு எங்கயாவது கண்டுபிடிச்சிருவீருன்னு நம்பியிருந்தேன், ஆவுடை. கண்டுபிடிச்சிருந்தா நான் அவன் வாசலுக்கு இந்தப் பாதையில நடக்கவேண்டி வந்திருக்காதுல்லா."