ரோட்டுப் பக்கம்

"எனக்கு ஒரே ஒரு அடி சொல்லிக் கொடுங்க மாஸ்டர். கழுத்துல கை வச்சவன் திரும்ப எந்திரிக்கக் கூடாது" என்றாள் கோதைநாயகி.

ரஹ்மத் மாஸ்டர் அவளுடைய வலது கட்டைவிரலைப் பார்த்தார். அது பக்கவாட்டில் வளைந்து, முழுதாக மடங்காமல் நின்றது.

"இது எப்படி ஆச்சு?"

கோதைநாயகி சொன்னாள். திண்டுக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காக விடிந்ததும் கதவைத் திறந்தாக வேண்டும். அப்படிப் போகும்போது ஒருநாள் பைக்கில் வந்தவன் தாலிச் செயினைப் பிடித்து இழுத்தான். அவளும் பிடித்துக்கொண்டாள். அடுத்த மின்கம்பம் வரை தார் ரோட்டில் அவளைத் தேய்த்துக்கொண்டே போனான். கடைசியில் அவன்தான் விட்டான்.

செயின் தப்பியது. விரல் தப்பவில்லை.

மாமியார் அம்மனுக்குப் பொங்கல் வைத்தார். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. தாலியை விடாதவள் என்று அவளுக்குப் பேர் ஆயிற்று.

தையல் போட்ட டாக்டர் மட்டும் வேறு மாதிரி பேசினார். பின்சக்கரம் ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தால் தனக்கு வேலையே இருந்திருக்காது என்றார்.

வீட்டுக்காரர் வேலையை விடச் சொல்கிறார். அவளுக்கு மனமில்லை. போக வேறு ரோடும் இல்லை.

"அடுத்த தடவை வர்றவன் விட மாட்டான். அதனாலதான் கேக்குறேன்."

மாஸ்டர் அவளைவிடப் பத்து வயது இளையவர். பேகம்பூர்ப் பெண். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், கார் நிறுத்தும் இடத்தில், ஞாயிறு காலைகளில் பெண்களுக்குக் கராத்தே சொல்லிக் கொடுப்பவர். அடுக்கிய ஓடுகளை அவர் உள்ளங்கையால் பிளப்பதைப் பார்க்கவே மதில்மேல் ஆள் ஏறும்.

"ரோட்டுல யாராவது வழி கேட்டா என்ன செய்வீங்கக்கா?"

கூடவே போய்க் காட்டிவிட்டு வருவேன் என்றாள். அவர்கள் வீட்டில் அப்படித்தான் வளர்த்திருந்தார்கள்.

"இனிமே நின்ன இடத்துல இருந்தே சொல்லுங்க."

அவ்வளவுதான் முதல் பாடம். கோதைநாயகிக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அடுத்து மாஸ்டர் தன் ஸ்கூட்டரின் பின்கம்பியில் ஒரு துண்டைக் கட்டினார். மறுமுனையைக் கோதைநாயகியின் கையில் கொடுத்தார்.

"வண்டி நகர்ந்ததும் விட்டுருங்க."

வண்டி நகர்ந்தது. கோதைநாயகி பின்னாலேயே ஓடினாள்.

"விடச் சொன்னேனேக்கா."

"விடணும்னுதான் நெனச்சேன்."

மறுபடி கட்டினார். மறுபடி ஓடினாள். அதற்கடுத்த வாரமும் துண்டுதான். மற்றவர்கள் உதையும் குத்தும் பழகிக்கொண்டிருக்க, இவள் மட்டும் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

"விடுக்கா, அது துண்டு. மாமா இல்ல" என்றாள் மீன்கடை செல்வராணி. கார் நிறுத்துமிடமே சிரித்தது. சிரிக்காதவர் மாஸ்டர் ஒருவர்தான்.

அன்று வகுப்பு முடிந்து கோதைநாயகியும் மாஸ்டரும் டீக்கடைக்கு நடந்தார்கள். ஒரு பக்கம் நீள மதில். ஞாயிற்றுக்கிழமை, ரோட்டில் ஆளில்லை.

ரோட்டுப் பக்கமாகக் கோதைநாயகி நடந்தாள். குறை சொல்லிக்கொண்டே வந்தாள். அடி கேட்டு வந்தவளுக்குத் துண்டைக் கொடுக்கிறீர்களே, ஊரில் கேட்டால் சிரிக்கமாட்டார்களா என்றாள்.

"அந்தக் கறுப்பு பைக் இப்பத்தான் நம்மளத் தாண்டிப் போச்சு. திரும்பி வருது" என்றார் மாஸ்டர்.

கோதைநாயகி எந்தப் பைக்கையும் பார்த்திருக்கவில்லை.

பைக் மெதுவாக வந்து நின்றது. இருவர். பின்னால் இருந்தவன் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி மரியாதையாகக் கேட்டான்.

"அக்கா, இங்க ரேஷன் கடை எங்க இருக்கு?"

கோதைநாயகி கையை நீட்டியபடி அவனருகே போனாள். வளர்ப்பு அப்படி.

அவள் தோளை ஒரு கை பிடித்து மதிலோரம் தள்ளியது. அவள் நின்ற இடத்தில் இப்போது மாஸ்டர் நின்றார். அவள் கழுத்துக்கு வந்த கை மாஸ்டரின் கழுத்தில் விழுந்தது.

மாஸ்டரின் கழுத்தில் கருகமணிச் சரடு. நிக்காஹ் அன்று, தாலி போலக் கட்டியது. பொன்னில் கோத்தது.

பைக் உறுமியது. அவன் இழுத்தான்.

ஓடு பிளக்கும் அந்தக் கை உயரப்போகிறது என்று கோதைநாயகி எதிர்பார்த்தாள்.

கை உயரவில்லை. மாஸ்டரின் தலை குனிந்தது. இழுக்கும் கையோடு கழுத்தும் கொஞ்ச தூரம் போனது. பிறகு சரடு தலைவழியே கழன்று அவனிடம் இருந்தது. மாஸ்டர் நின்ற இடத்திலேயே இருந்தார்.

பலமாக இழுத்தவன் எதிர்ப்பே இல்லாமல் பின்னால் சாய்ந்து, முன்னால் இருந்தவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டான். வண்டி ஒருமுறை தள்ளாடி, பிறகு பறந்தது.

கோதைநாயகி தன் வாழ்நாளில் பார்த்தவற்றிலேயே வேகமானது அந்தக் குனிதல்தான். ஓடுகள் பிளப்பதெல்லாம் அதன் முன்னால் விளையாட்டு.

மாஸ்டர் போனை எடுத்தார். போலீசுக்கு வண்டி எண்ணைச் சொன்னார். நிறத்தை, போன திசையை, பின்னால் இருந்தவனின் செருப்பைச் சொன்னார். குரல் சீராக இருந்தது. கழுத்தில் ஒரு சிவந்த கோடு. வேறொன்றுமில்லை.

"மாஸ்டர்... கருகமணி."

"ம்."

"உங்க வீட்டுக்காரர் கட்டுனதாச்சே."

"போனது மணிதான். அவர் வீட்டுல இட்லி ஊத்திக்கிட்டு இருக்கார்."

கோதைநாயகி மதிலை விட்டு அவரருகே வந்தாள்.

"அவன் எங்கிட்டதானே வழி கேட்டான். நீங்க எதுக்கு ரோட்டுப் பக்கம் வந்தீங்க?"

மாஸ்டர் அவளுடைய மார்பைப் பார்த்தார்.

கோதைநாயகியும் குனிந்து பார்த்தாள்.

அவளுடைய இரண்டு கைகளும் தாலிச் செயினை இறுகப் பிடித்திருந்தன. நகங்கள் உள்ளங்கையில் பதிந்திருந்தன. எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. பைக் போய் எவ்வளவோ நேரமாகிவிட்டது. கைகள் இன்னும் விடவில்லை.

அவள் ரோட்டைப் பார்த்தாள். மாஸ்டரின் வெறும் கழுத்தைப் பார்த்தாள்.

விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். வளைந்த கட்டைவிரல் கடைசியாக வந்தது.

"டீ அப்புறம் குடிக்கலாம் மாஸ்டர்" என்றாள். "வாங்க, அந்தத் துண்டைக் கட்டுங்க."