வள்ளம் தூக்கும் பட்டன்

தூத்துக்குடி கர்வாலோ முதலாளியிடம் ஒரு மோட்டார் போட் இருந்தது. அதைவிடப் பெரிய வாயும் இருந்தது. போட்டின் பின்னால் சின்ன வள்ளத்தைத் தூக்கி மாட்ட அவருக்கு ஒரு லிப்ட் வேண்டும். கையால் சுற்றுவதா, பட்டன் வைத்ததா என்று கடைக்காரர் கேட்டார்.

"பட்டன்தான்! வள்ளத்துல உக்காந்தபடியே நான் மேல வரணும். கயிறு இழுக்கிற இன்னாசிக்கு இனி வேலை இல்ல."

"சந்தோசம் முதலாளி," என்றான் இன்னாசி. "வாங்குறதுக்கு முன்னால கடல்ல ஒருதடவை பாத்துருங்க."

கடைக்காரர் பட்டன் லிப்டைச் சோதித்துப் பார்க்க மாட்டிக் கொடுத்தார். நடுக்கடலில் முதலாளி தன் கையாலேயே பட்டனை அமுக்கி வள்ளத்தை இறக்கினார். அதில் ஏறி, ஜோராக ஒரு சுற்று சுற்றி வந்து கொக்கியை மாட்டினார்.

"ஏல இன்னாசி, பட்டனை அமுக்கு!"

போட்டில் நின்ற இன்னாசி கையைக் கட்டிக்கொண்டான். "எனக்குத்தான் வேலை இல்லேன்னுட்டீங்களே முதலாளி. நீங்களே அமுக்கிக்கிடுங்க."

முதலாளி அண்ணாந்து பார்த்தார். பட்டன் மேலே இருந்தது, அவர் கீழே இருந்தார். கொஞ்ச நேரம் முறைத்தவர், வள்ளமே ஆடும்படி சிரித்துவிட்டார். இன்னாசியும் சிரித்துக்கொண்டே பட்டனை அமுக்கினான்.

கரையில் கடைக்காரர் கேட்டார்: "எந்த லிப்ட் எடுத்துக்கிடுதீங்க?"

"எதுன்னாலும் சரி வே. பக்கத்துல இன்னாசி நிக்க இடம் இருக்கான்னு மட்டும் பாரும்."