துணி எடுக்கச் சொன்ன குரல்

கல்யாண மண்டபங்களில் வருஷக்கணக்காகக் கீபோர்டு வாசித்து அலுத்துப்போன எட்வின், கம்ப்யூட்டரில் இசையமைக்கக் கற்றுக்கொள்ள நூர்ஜஹானிடம் சேர்ந்தார். குரு அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் வாய் நிறைய 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். பழகிய தாளம் எது காதில் விழுந்தாலும் இப்போதெல்லாம் அவருக்கு எரிச்சல் வந்தது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களைப் பிடிக்கும் வியாதிதான் அது.

அந்த ஐப்பசியில் அவர் மனைவி செல்வராணி இறந்துபோனார். எட்வினின் செல்போனில் மிஞ்சியது ஒரே ஒரு குரல் பதிவு. அதை வைத்து ஓர் இசை செய்து முப்பதாம் நாள் ஜெபத்தில் போடப்போவதாக மகள் ஷீபாவிடம் சொன்னார். அம்மாவின் குரலைக் கேட்கப்போகிறோம் என்று அந்தப் பெண் காத்துக் கிடந்தாள்.

ஜெபத்துக்கு மறுநாள் வகுப்புக்கு வந்த எட்வின், பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். என்ன ஆயிற்று என்று நூர்ஜஹான் கேட்டார்.

"எல்லாம் முடிஞ்சதும் ஷீபா, அம்மா குரல் எப்பப்பா வரும்னு கேட்டா டீச்சர். இவ்வளவு நேரம் வந்தது அம்மாதான்னு சொன்னேன். எழுந்து உள்ள போனவ, இன்னும் எங்கிட்ட பேசல."

நூர்ஜஹான் அந்த இசையைப் போட்டுக் காட்டச் சொன்னார்.

குரலை ரப்பர் மாதிரி இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, தலைகீழாக ஓடவிட்டிருந்தார் எட்வின். தாளமே கிடையாது. காலிக் குடத்துக்குள் காற்று ஊதுகிற மாதிரி ஓர் ஓசை மட்டும் போய்க்கொண்டே இருந்தது. உண்மையிலேயே நன்றாக இருந்தது.

"ஒரு இடத்துலகூட பழசைத் தொடல டீச்சர். அப்புறம் எங்க தப்பு பண்ணேன்?"

நூர்ஜஹான் வெட்டாத, இழுக்காத பதிவைக் கேட்டு வாங்கினார். அதை அப்படியே இசையின் தொடக்கத்தில் வைத்தார். அதற்கடியில், எட்வின் மண்டபம் மண்டபமாக வாசித்துச் சலித்த அந்தச் சாதாரணத் தாளத்தை மெல்ல ஓடவிட்டார். எட்வின் முகத்தைச் சுளித்தார். செல்வராணியின் குரல் வந்தது:

"மழை வர்ற மாதிரி இருக்கு. ஷீபாவ மாடியில துணி எடுக்கச் சொல்லுங்க."

அதோடு தாளம் நின்றது. அடுத்து எட்வின் செய்த ஓசை வந்தது. அவர் ராப்பகலாக உட்கார்ந்து செய்ததுதான், ஆனால் இப்போது அவராலேயே அதைக் கேட்க முடியவில்லை. கையை நீட்டி நிறுத்தப் போனவர், கையை இழுத்துக்கொண்டு அழுதார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நான் செஞ்சது எதுக்கும் ஆகாதா டீச்சர்?" என்றார்.

"அதுல நான் எதையும் மாத்தலண்ணா. அவங்க இல்லாத வீடு அப்படித்தான் இருக்கும். அவங்க இருந்த வீட்டைக் காட்டாமலே, பிள்ளைய நேரா அங்க கூட்டிட்டுப் போயிட்டீங்க."