மேல் நட்டு

ஒன்பதாம் வளைவு வரை பனிமூட்டம் இறங்கிவிட்டால் அந்த மலையில் மணி என்னவென்று யாருக்கும் தெரியாது. கீழே எங்கோ லாரிகள் ஹாரன் அடிப்பது தூக்கத்தில் கேட்பது போலிருக்கும்.

வளைவில் இருந்த பட்டறை பிலோமினாவுடையது. மாரப்பனைவிடப் பதினெட்டு வயது இளையவள். ஆனாலும் அவளைத்தான் அவர் குரு என்பார். இருபது வருடம் பிக்கப்பில் கேரட் மூட்டை இறக்கிய மனிதருக்கு வண்டியின் அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. கட்டிய மனைவி விஷயத்திலும் அப்படித்தான் இருந்தார். செங்கமலம் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அவள் உட்கார்ந்து வந்த இடப்பக்க சீட்டைத் திரும்பிப் பார்க்க அவருக்கு இன்னும் தைரியமில்லை.

அன்று வண்டியை விற்றுவிடும் முடிவோடு வந்திருந்தார்.

"ஆயில மாத்திட்டுக் குடுத்தர்றேனுங்க. அப்புறம் ஊரே வேண்டாம், எங்காச்சும் போயிருவேன்" என்றார். "அவள மனசுல இருந்து இறக்கறதுக்கு வழி இருக்குதுங்களா, அம்மிணி?"

"மொதல்ல கிரவுன் ஆயில இறக்குங்ணா."

பின்சக்கரங்களுக்கு நடுவே, பல்சக்கரங்கள் ஆயிலில் ஊறிக் கிடக்கும் கிரவுன் பெட்டியின் அடி நட்டில் ஸ்பேனரை வைத்தார் மாரப்பன்.

"அது இல்லீங்ணா. மேல் நட்டு."

"வடியறது அடியிலதானுங்களே?"

"மேல கழட்டுங்க."

மேல் நட்டு துருவேறிக் கிடந்தது. தட்டினார். மண்ணெண்ணெய் விட்டார். அது அசையவே இல்லை. பிலோமினா கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போனது. பனி பட்டறைக்குள்ளேயே வந்துவிட்டது. தன் கையே அவருக்கு மங்கலாகத் தெரிந்தது.

"இது வராதுங்க. அடியத் தொறந்து கறுத்த ஆயிலயாவது வடிச்சு விட்டர்றேன்." ஸ்பேனரை அடி நட்டில் மாட்டினார்.

"மேல் நட்டு எதுக்குங்ணா?"

"புதுசு ஊத்தறதுக்குங்க."

"அது தொறக்காம, இருக்கறத வடிச்சுட்டா?"

மாரப்பன் அடி நட்டிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். வண்டிக்கு அடியிலேயே வெகுநேரம் மல்லாந்து கிடந்தார். அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"தொறக்கவே இல்லீன்னா என்னுங்க பண்றது?"

பிலோமினா குனிந்து, வண்டிச் சாவியை அவர் நெஞ்சின் மேல் வைத்தாள்.

"தொறக்கற வரைக்கும் பழைய ஆயில்லயே ஓட்டுங்ணா. கறுத்துப் போனாலும், இத்தன நாளா பல்லு தேயாம பாத்துக்கிட்டது அதுதான்."