இல்லாத திருப்பணி

அன்று மடத்தில் சோறு வேகவில்லை. பசித்து வந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்தார்கள். காத்திருந்தார்கள். எழுந்து போனார்கள். அந்த மடத்தில் இதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை.

காரணம் முந்தைய நாள் பேசிய ஒரு பேச்சு. பேசியவர் தில்லைநாயகம், மடத்து மேலாளர். சிமெண்ட் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்துவிட்டு, ஞானம் வேண்டும் என்று மடத்துத் தலைவரான சாமியிடம் வந்தவர். ஞானம் வருவதற்குள் நிர்வாகம் வந்துவிட்டது. சாமிக்கு இவரைவிடப் பத்து வயது குறைவு. ஆனாலும் குரு குருதான்.

விறகடுப்பை எடுத்துவிட்டு நீராவி பாய்லர் போடுவதாக முடிவு. தப்பில்லை. புகை கண்ணைக் கெடுக்கிறது. ஆனால் பாய்லர் வந்தால் அடுப்படிக்கு எட்டுப் பேர் வேண்டாம். மூன்று பேர் போதும். அதைச் சொல்ல வேண்டும். மனுஷன் மைக்கைப் பிடித்தார்.

“நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு புதிய பயணத்தைத் தொடங்குகிறோம். அடுப்படி அன்பர்கள் சிலர் வேறு திருப்பணிகளுக்காக விடுவிக்கப்படுகிறார்கள்.”

தலைமைச் சமையல்காரர் குஞ்சிதபாதம் எழுந்தார்.

“எங்க வேலை இருக்கா, போச்சா?”

“உங்கள் அர்ப்பணிப்பை மடம் என்றும் மறக்காது.”

“அது சரிங்க. வேலை?”

“மாற்றத்தைக் கண்டு அஞ்சக் கூடாது. ஆரத் தழுவ வேண்டும்.”

அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேம்பு சிரித்துவிட்டாள். “பாய்லரையா தழுவணும்? வெந்துடுமே, ஐயா.”

மறுநாள் அடுப்படிக்கு ஒருவரும் வரவில்லை.

மதியம் தாண்டி தில்லைநாயகம் சாமியிடம் போனார். பசி. கோபம் வேறு. சாமி தன் அறையில் ஸ்டவ்வைப் பற்றவைத்து, கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தார்.

“நன்றி கெட்டவர்கள், சாமி. எவ்வளவு பதமாகச் சொன்னேன்! ஒரு கடுஞ்சொல் உண்டா? ஏன் போனார்கள்?”

சாமி ஒரு மடக்குக் குடித்தார். “சாப்பிட்டீரா?”

“எங்கே, சாமி? காலையிலிருந்து ஒன்றுமில்லை.”

“உம் பசி ஒரு புதிய கட்டத்துக்குள் நுழைகிறது.”

தில்லைநாயகம் விழித்தார். சட்டியை எட்டிப் பார்த்தார். இன்னும் ஒரு ஆளுக்குக் கஞ்சி கிடந்தது.

“எனக்குக் கொஞ்சம் கிடைக்குமா?”

“உம் பொறுமையை மடம் என்றும் மறக்காது.”

மறு மடக்கு.

“சாமி! உண்டா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!”

“குஞ்சிதபாதமும் அதைத்தான் கேட்டார்.”

சாமி தம்ளரைக் கீழே வைத்தார். வைத்த வேகத்தில் கஞ்சி தெறித்தது.

“எத்தனை பேருக்கு வேலை போகிறது?”

“ஐந்து பேருக்கு.”

“விடுவிக்கிறேன் என்றீரே. அவர்களை யார் கட்டிப்போட்டிருந்தது?”

தில்லைநாயகம் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“வேறு திருப்பணி என்றீரே. என்ன திருப்பணி?”

“அது... இன்னும் யோசிக்கவில்லை.”

“இல்லாத ஒன்றுக்குப் பெயர் வைத்து, பிழைப்பு போகிறவன் கையில் கொடுத்திருக்கிறீர். வெட்கமாயில்லை? யார் முடிவு இது?”

“மடம் முடிவு செய்து...”

“மடம் கல்லும் சுண்ணாம்பும். அதற்கு ஏது வாய்?”

தில்லைநாயகம் தரையைப் பார்த்தார்.

“நான்தான், சாமி.”

“என்னிடம் ஏன் சொல்கிறீர்? நானா விறகு தள்ளுகிறேன்?”

கஞ்சி குடிக்காமலே தில்லைநாயகம் வெளியேறினார்.

குஞ்சிதபாதம் வீட்டு வாசலில் எட்டுப் பேரும் இருந்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

“நாம் எல்லோரும்...” என்று ஆரம்பித்தார்.

“வந்துட்டாரு, பயணம் கிளப்ப,” என்றாள் வேம்பு.

நிறுத்தினார்.

“ஐந்து பேருக்கு வேலை இல்லை. முடிவு எடுத்தது நான். கேட்டபோது மழுப்பினேன்.”

“எந்த அஞ்சு பேரு?”

சொன்னார். ஒவ்வொரு முகத்தையும் பார்த்துச் சொன்னார். முதல் பெயர் வேம்பு.

வேம்பு திட்டினாள். இங்கே எழுத முடியாத திட்டு. அவர் நின்று வாங்கிக்கொண்டார்.

“அந்தத் திருப்பணி?” என்றார் குஞ்சிதபாதம்.

“பொய். அப்படி ஒன்று இல்லை. ஐந்து பேருக்கும் மடத்திலேயே வேறு வேலை கொடுக்கும்வரை பாய்லர் வராது.”

“இது யாரு பேச்சு?” வேம்பு கேட்டாள். “மடத்தோடதா?”

“என்னோடது.”

வருகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர் திரும்பி நடந்தார்.

அடுத்த நாள் விடியும்போது அடுப்படிக் கூரைமேல் புகை. உலை கொதிக்கிற சத்தம். தில்லைநாயகம் சாமியிடம் ஓடினார்.

“சாமி, அடுப்பு எரிகிறது! நீங்கள் ஆள் அனுப்பினீர்களா?”

“இல்லை.”

“குஞ்சிதபாதம் மனசு இறங்கிவிட்டாரா?”

“அவர் இப்போதுதான் வாசல் நுழைகிறார்.”

“பிறகு யார் மூட்டியது?”

சாமி ஜன்னல் வழியே அடுப்படிப் புகையைப் பார்த்தார்.

“வேம்பு.”