மூக்குத் துளைகளுக்கு முறை வந்த கதை

அந்தக் காலத்தில் உடம்பில் இருக்கிற ஒவ்வொன்றும் பேசும். காது பேசும், முழங்கால் பேசும், தொப்புள்கூட ஏதாவது முணுமுணுக்கும். அத்தனை பேச்சையும் சகித்துக்கொண்டு மனுஷர் எப்படிக் குடித்தனம் நடத்தினார்களோ, தெரியவில்லை.

இவற்றில் பெரிய இம்சை மூக்குத் துளைகள் இரண்டும்தான். அப்போதெல்லாம் இரண்டும் ஓயாமல் சேர்ந்தே மூச்சு இழுக்க வேண்டும். இழுத்துவிட்டுச் சும்மா இருந்தால் என்ன? பக்கத்தில் இருப்பது நம்மைவிடக் குறைவாக இழுக்கிறதோ என்று கவனித்துக்கொண்டே இருந்தால் எந்த வேலைதான் உருப்படும்?

வடிவாம்பாள் என்று ஒருத்தி. பிள்ளை பெற்று இன்னும் மாதம்கூட ஆகவில்லை. ஒருநாள் காலை அவள் பால் கொடுக்க உட்கார்ந்த நேரம் பார்த்து, பிள்ளையின் மூக்கில் தகராறு ஆரம்பித்தது.

“புகை, தூசி எல்லாம் என் தலையிலதான் விடியுது. நீ சொகுசா இருக்க,” என்றது வலது துளை.

“யாரு, நானா? பொறந்ததிலிருந்து நான்தான் மாடா உழைக்கிறேன். இதோ சாத்திக்கிறேன், நீயே தனியா இழுத்துப் பாரு,” என்று இடது அடைத்துக்கொண்டது.

“உனக்கும் சேர்த்து இழுக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?” என்று வலதும் அடைத்துக்கொண்டது.

பிள்ளை இரண்டு தடவை உறிஞ்சியது. மூச்சு முட்டியதும் மார்பை விட்டுவிட்டு வீறிட்டது. திரும்ப வாய் வைத்தது, திரும்ப விட்டது.

“நான் பாலைக் குடிப்பேனா, இதுங்களுக்காக மூச்சு விடுவேனா?” என்று சலித்துக்கொண்டது பிள்ளையின் வாய்.

மதியம் ஆகியும் ஒரு மடக்குப் பால் வயிற்றில் இறங்கவில்லை. பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லாமல் கழுத்து துவண்டது. வடிவாம்பாளுக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது. பிள்ளையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“அடி பாவிகளா, உங்க வீம்புக்கு என் பிள்ளைதான் கிடைச்சுதா? இந்த வீட்டுல நானும் என் ஓரகத்தியும் இல்லையா? எங்களுக்குள்ள ஏழாம் பொருத்தம்தான். ஆனாலும் ஒருவேளை அவ சமைக்கிறா, ஒருவேளை நான் சமைக்கிறேன். யாரும் பட்டினி கிடக்கல. நீங்களும் அப்படி முறை வச்சுக்கிட்டா என்ன?”

“ஓய்வு முறை வந்தா முழுசா சாத்திக்கலாமா?” என்றது இடது.

“கூடாது. அவ அடுப்புல நிக்கும்போது நான் கரண்டியாவது எடுத்துக் கொடுக்கிறேன். கொஞ்சம் திறந்து வைக்கணும்.”

“சரி, முதல்ல யாரு உழைக்கிறது?” என்று கேட்டது வலது.

வடிவாம்பாளுக்கு வந்ததே கோபம். விரலால் வலதை அழுத்தி மூடி, “நீ படு. இப்போ அவ இழுக்கட்டும்,” என்றாள். வேறு வழியில்லாமல் இடது திறந்தது. பிள்ளை ஒரு மூச்சு இழுத்தது. பிறகு மார்பைப் பிடித்து மடக் மடக்கென்று குடித்தது. வடிவாம்பாள் அழுதுகொண்டே கொடுத்தாள்.

நம்பாதவர்கள் இப்போதே மூக்கை ஒவ்வொரு பக்கமாக மூடி மூச்சு இழுத்துப் பாருங்கள். ஒன்று தாராளமாக இழுக்கும், மற்றது முனகும். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் மாறியிருக்கும். சளி பிடித்தால் மட்டும் இரண்டுக்கும் பழைய வீம்பு வந்துவிடுகிறது, என்ன செய்வது?

அன்று முதல்தான் மூக்கு முறை வைத்து வேலை பார்க்கிறது. பால் குடிக்கிற பிள்ளைக்கு ஒரு வாசலாவது திறந்திருக்கிறது.