தட்டில் ஏறாத சம்பளம்

தராசு நீதியின் சின்னம் என்றொரு நம்பிக்கை படித்தவர்களிடையே நிலவுகிறது. நீதிமன்ற வாசல் தொடங்கி நோட்டுப் புத்தக அட்டை வரை இந்தத் தவறு பரவிவிட்டதால், கதைக்குப் போகுமுன் இதைக் களைந்துவிடுவது கடமையாகிறது. தராசு வெங்காயம் நிறுக்கும் கருவி. தட்டில் ஏறியதில் எது கனம் என்று அது சொல்லும். தட்டில் ஏறாததைப் பற்றிச் சொல்ல அதற்கு வழியே கிடையாது.

தென்காசிப் பக்கத்துச் சந்தை ஒன்றில், ஆவுடையப்பனின் பல்லாரி வெங்காயக் கடையில், முன்பு அப்படி ஒரு தராசு தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சந்தையில் பொருள்கள் பேசுவதை யாரும் அதிசயமாக நினைக்கவில்லை. பேரத்துக்கு இன்னொரு வாய் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை ஆவுடையப்பன் ஒரு தட்டில் மூத்த மகள் உலகேஸ்வரியின் பட்டத்தையும், மறு தட்டில் அதற்காக வாங்கிய கல்விக் கடனையும் வைத்தார். தகவல் தொடர்பும் ஊடகமும் படித்து வாங்கிய பட்டம் அது. கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொண்டு பளபளவென்று இருந்தது. எதிரே இளைய மகள் தர்ஷினி, அதே படிப்புக்கான புதுக் கடன் தாளோடு நின்றாள். ஐந்து மணிக்குள் அப்பா ஜாமீன் கையெழுத்துப் போடாவிட்டால் அவளுக்குக் கிடைத்த இடம் போய்விடும்.

"அக்கா பட்டம் இந்தக் கடனைத் தூக்கிட்டுன்னா கையெழுத்து. தூக்கலைன்னா தென்காசியிலயே பி.காம். என்னட்டி, சரியா?"

"சரிப்பா," என்று தர்ஷினி நகத்தைக் கடித்தாள்.

கடன் இருந்த தட்டு தரையில் போய் உட்கார்ந்தது.

"அவசரம் கூடாது," என்றது பட்டம். "என்னை வெறும் தாளாகப் பார்க்கக் கூடாது. நான் ஒரு பார்வை, ஒரு குரல், ஒரு சமூகப்..."

"மாசம் எவ்வளவு வே?" என்று கேட்டது தராசு.

"ஊடகத் துறையின் எதிர்காலத்தை வைத்துப் பார்த்தால்..."

"எவ்வளவு?"

"வளர்ச்சி வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டால்..."

தராசின் முள் துடித்தது. மனதில் இருப்பதை அடுத்தவனுக்குப் புரியும்படி சொல்வது எப்படி என்று மூன்று வருஷம் படித்த பட்டம். அதற்கு ஒரு எண்ணைச் சொல்ல வரவில்லை.

பட்டம் தன் சார்பில் பேச இன்டர்ன்ஷிப்பை அழைத்தது. அது ஓடிவந்து தட்டில் குதித்தது. ஒன்றும் நடக்கவில்லை.

"ஆறு மாசம் ஒழைச்சியே, என்ன குடுத்தாங்க?" என்றது தராசு.

"அனுபவம் குடுத்தாங்க. சாயங்காலம் டீயும் உண்டு."

அடுத்து கல்லூரிக் கையேட்டிலிருந்து சராசரிச் சம்பளம் கோட்டும் சூட்டுமாக இறங்கி வந்தது. ஆள் தடிமன். ஆனாலும் தட்டு அசையவில்லை.

"நீரு யாரு வீட்டுக்காவது போயிருக்கீரா?" என்றது தராசு.

"அதெப்படி? நான் எல்லாருக்கும் நடுவில் நிற்பவன். இதுவரை ஒருவர் கைக்கும் போனதில்லை."

இதற்குள் கடன் தட்டின் சங்கிலி கிறீச்சிட்டது.

"என்னலே, கனத்துக்கிட்டே போறே?"

"வட்டி," என்றது கடன் பணிவாக. "நான் ஒண்ணும் பண்ணலை. சும்மாதான் இருக்கேன்."

தராசுக்குப் பொறுக்கவில்லை. "அடியைத் தேய்ச்ச படிக்கல்லை இந்தச் சந்தையில பார்த்திருக்கேன். பிடிச்சு அபராதமும் போட்டிருக்காங்க. உக்காந்த இடத்துல ஊதுற படிக்கல்லை இன்னைக்குத்தான் பாக்கேன். ஒனக்கு எவன் முத்திரை குத்தினான்?"

கடன் தன் பக்கங்களைப் புரட்டிக் காட்டியது. எல்லாப் பக்கத்திலும் முத்திரை இருந்தது. ஒவ்வொரு முத்திரைக்கும் கீழே ஆவுடையப்பனின் கையெழுத்தும் இருந்தது.

"அண்ணாச்சி, மத்த ஆளெல்லாம் வேண்டாம். சம்பளத்தை வரச்சொல்லுங்க," என்றது தராசு.

ஆவுடையப்பன் சென்னைக்குப் போன் போட்டார். உலகேஸ்வரி அங்கே ஒரு வீடியோ சேனலில் வேலை பார்த்தாள்.

"எம்மா, ஒஞ்சம்பளம் எவ்வளவுன்னு சொன்னே?"

வண்டிச் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் வேகமாக வந்தது.

"முப்பதுப்பா. அப்பவே சொன்னேன்லா."

"சாப்டியா?"

"சாப்ட்டேன்ப்பா. வைக்கேன்."

உடனே முப்பதாயிரம் வந்து சேர்ந்தது. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு பட்டத்தின் பக்கத்தில் கால்மேல் கால் போட்டு அமர்ந்தது. முள் நின்ற இடத்திலேயே நின்றது.

தராசு சுற்றிலும் பார்த்தது. வெங்காய மூட்டைக்குப் பின்னால் ஒல்லியாக ஒன்று ஒளிந்திருந்தது. பதினெட்டாயிரம். அதன் இடுப்பில் ஹாஸ்டல் வாடகை தொங்கிக்கொண்டிருந்தது.

"நீதானா அது? வந்து ஏறு," என்று தராசு கிசுகிசுத்தது.

"ஏற மாட்டேன். அப்பா மனசு கஷ்டப்படும், தலையைக் காட்டிராதேன்னு அக்கா சொல்லியிருக்கு."

"நீ ஏறலைன்னா அந்தச் சின்னப் பிள்ளையும் இதே கடன்ல போய் விழும்லே!"

பதினெட்டாயிரம் மூட்டைக்குப் பின்னால் இன்னும் ஒடுங்கிக்கொண்டது.

"அண்ணாச்சி," என்று தராசு சத்தம் போட்டது, "இந்த முப்பதுக்கு எடையே இல்லை!"

"எம்பிள்ளை பொய் சொல்லுமா?" ஆவுடையப்பன் தராசை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "காலையிலயே சந்தேகப்பட்டேன். முள்ளு துருப்பிடிச்சுப் போச்சு. முப்பதாயிரம் வாங்குற பட்டம் இதைத் தூக்காதாங்கும்!"

தராசு திரும்பத் திரும்ப முள்ளைக் காட்டியது. காட்ட அதனிடம் வேறொன்றும் இல்லை. தர்ஷினி அந்த முள்ளைப் பார்த்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"யப்பா, நாலே முக்கால் ஆயிட்டு."

ஆவுடையப்பன் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் கடைக்கு எலக்ட்ரானிக் தராசு வந்தது. பழையதை இரும்புக் கடையில் போட்டார்கள். ஏழு கிலோ முந்நூறு கிராம் இருந்தது.